ஏழாவது அங்கி

"ஏட்டீ, நனைஞ்ச துணி காய எத்தனை நாளு ஆவும்?"

ஏஞ்சலக்கா என்னிடம் இப்படிக் கேட்டது 1965ஆம் வருஷம், ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி வெயிலில். மழை இன்னும் இறங்கவில்லை. தாராவியில் எல்லாமே காய்ந்துகொண்டிருந்தன. தோல் கிடங்குகளுக்கு வெளியே ஆட்டுத்தோல்கள் மரச்சட்டங்களில் விறைத்து நின்றன. எங்கள் சந்தில் விரித்த சேலை, விரித்தவள் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் மொரமொரப்பாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் கேட்ட கேள்வி. எனக்குப் பதினாலு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேட்ட கேள்விக்கெல்லாம் வாயைத் திறக்கிற வழக்கம் எனக்கில்லை.

அக்கா கொடியில் கிடந்த வெள்ளை அங்கியின் கீழ்விளிம்பைப் பிடித்து என் கையில் வைத்தாள். சில்லென்று இருந்தது. தரையில் அதற்கு நேர்கீழே ஒரு தட்டு அளவுக்கு மண் நனைந்து கறுத்திருந்தது.

"திங்கக்கிழமை போட்டது. மத்த ஆறும் அன்னைக்கி மத்தியானமே காஞ்சிட்டு. இது மட்டும் இப்பிடியே கெடக்கு."

அது முழுக்கு அங்கி. ஏஞ்சலக்காவும் அவள் புருஷன் தாவீதண்ணனும் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். மற்ற சபைகளில் பச்சைப் பிள்ளைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்தால் ஞானஸ்நானம் முடிந்தது. இவர்களுக்கு அப்படியில்லை. வளர்ந்தவர்கள் தாங்களாக மனசாரக் கேட்க வேண்டும். கேட்டவர்களை உபதேசியார் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டுபோய் மல்லாக்கச் சாய்த்து முழுசாக முக்கி எடுப்பார். மற்றவர்கள் இவர்களை முங்குச் சபை என்பார்கள். முங்கும்போது உடுத்துகிற அங்கிகளை அக்காதான் தைப்பாள். தண்ணீருக்குள் அங்கி குடைபோல மேலே எழும்பிப் பெண்களுக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்று, விளிம்பை மடித்து, வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை உள்ளே வரிசையாக வைத்துத் தைப்பாள். முதுகுப் பக்கம் திறந்திருக்கும்; கழுத்துக்குப் பின்னால் கட்டிக்கொள்ள நாடா. நான் அவர்கள் வீட்டில் தங்கித் தையலுக்குத் துணையாக இருந்தேன்; அந்த நாடாத் தையல் என் வேலை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அந்த வேலையும் எனக்குத்தான்.

தாவீதண்ணன் வாரத்தில் ஆறு நாள் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று ரோமம் வழிப்பார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறித் திட்டுக்குப் போவார். திட்டு என்பது கடல் உள்ளே புகுந்த உப்பங்கழிக்குள் கிடக்கிற ஒரு சின்னத் தீவு. மராத்தியில் அதற்கு வேறு பெயர் உண்டு; தூத்துக்குடிப் பக்கமிருந்து உப்பள வேலைக்கு வந்த நம் ஜனங்கள் திட்டு என்றே சொன்னார்கள். அங்கே ஓலைக் கொட்டகை ஒன்றில் அவர்தான் உபதேசியாராக ஜெபம் நடத்தினார். மிஷன் ஆபீஸ் அவருக்குப் படகுச் செலவும், திட்டு ஜனங்களுக்குப் பைபிளும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தது. இருபது பேர் முழுக்குப் பெற்றுவிட்டால் அதைச் சபையாக ஏற்றுக்கொள்வதாகவும், கொட்டகைக்குத் தகரம் போட்டுத் தருவதாகவும் மிஷன் ஐயர் சொல்லியிருந்தார். பதின்மூன்று பேர் இருந்தார்கள். மே மாதம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஏழு பேர் முங்க இருந்தார்கள். மழை தொடங்கினால் உப்பளத்து ஜனங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதை விட்டால் தீபாவளிக்குப் பிறகுதான்.

ஏழு அங்கிகளையும் அக்கா மடித்துக் கட்டிய அன்று, பக்கத்து வீட்டு மெஹராஜக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அவள் கடையநல்லூர்க்காரி, வாய் சும்மா இருக்காது.

"ஏஞ்சலு, ஒங்க சபையில ஆளச் சேக்கதுக்கு முன்னால நீச்சல் சொல்லிக் குடுப்பாவளா?"

"முங்குனாப் போதும் மெஹராஜு, நீந்தாண்டாம். புடிச்சிக்கிட ஆளு இருக்குல்லா" என்றாள் அக்கா.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஈர அங்கி மூட்டையை வாசலிலேயே இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எத்தனை பேர் என்று அக்கா கேட்டாள். ஏழு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எப்போதும் திட்டிலிருந்து வந்தால் பேசி மாளாது அவருக்கு. யார் வீட்டில் குழம்பு வைத்தார்கள், எந்தப் பாட்டை யார் சுருதி தப்பிப் பாடினார்கள், எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

அடுத்து வந்த நாட்களில்தான் மற்றதெல்லாம் தொடங்கியது. அவர் குளிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். டீ மட்டும் குடித்தார். அதன் அடி தெரியாது என்பதாலோ என்னவோ. வீட்டுக்குள் வரும்போது இருப்பவர்களை விரலால் எண்ணினார். அக்கா, நான், அவர், மூன்று பேர்தான். எண்ணி முடித்தும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், இன்னும் ஒருவர் உள்ளே வர வேண்டியிருப்பதுபோல. ஒரு தடவை அக்கா கதவைச் சாத்தப் போனபோது, இரு என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே போய்ச் சாத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா அங்கியைக் கொடியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கழுத்து நாடா இரண்டில் ஒன்று வேரோடு பிய்ந்திருந்தது. துணியில் நாலு விரல் இறுக்கிய மாதிரி கசங்கல். இரண்டு தடவை குழாய்த் தண்ணீரில் அலசியும் கழிச்சேற்று வாடை போகவில்லை. விளிம்பைப் பிரித்துப் பார்ப்போம் என்றாள். நான் பிளேடால் தையலை அறுத்தேன். ஈயக் குண்டுகளுக்கு நடுவில் கறுப்புச் சேறு அடைத்திருந்தது. சேற்றுக்குள் உப்பு மின்னியது. விரல் நகம் அளவில் ஒரு நண்டு, செத்தது.

"இதான் காயாமக் கெடந்திருக்கு. உப்பு ஈரத்த இழுக்கும்லா" என்று அக்கா நிம்மதியாகச் சொன்னாள். சேற்றையெல்லாம் வழித்து, மூன்றாவது தடவையும் அலசிப் பிழிந்து போட்டோம். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தோம். சில்லென்றுதான் இருந்தது. கீழே மண் நனைந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

நாடாவையாவது தைத்து வை என்று கொடுத்தாள். மடியில் போட்டுத் தைத்தேன். ஒரு சாண் தையல்தான். முடிப்பதற்குள் என் பாவாடை தொடைவரை நனைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, சந்து முனையில் இருந்த எங்கள் ஜெப அறையில் அண்ணன் வேதம் வாசிக்க எழுந்தார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருந்தவர்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசி வரிசை வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு புத்தகத்தை மூடி உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் தாங்களாகவே ஒரு பாட்டை எடுத்துப் பாடி முடித்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அக்கா என்னை அடுப்பங்கரைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்: "கலியாணம் ஆயி பன்னெண்டு வருசம். அவுக குடிச்சது இல்ல, அடிச்சது இல்ல. பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. அத வச்சிதான் இந்த ஊருல, இந்த நாத்தத்துல, இருந்துக்கிட்டு இருக்கேன். இப்ப எங்கிட்ட எதையோ மறைக்காவ. அது என்னன்னு தெரியாம எனக்கு ஒறக்கம் இல்லட்டீ."

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு மிஷனுக்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கர்த்தருடைய கிருபையால் ஏழு பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஆறு பெயர் விடாமல் வந்தன. ஏழாவதற்கு வெகுநேரம் பிடித்தது. சொர்ணம்மாள் என்றார். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்தார். தபாலில் போடவில்லை.

புதன்கிழமை மழை இறங்கியது. இறங்கினால் தெரியும்தானே, சாக்கடையும் சந்தும் ஒன்றாகிவிட்டன. கொடியில் கிடந்த அங்கியை அக்கா வீட்டுக்குள் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். மூன்று நாளும் அது ஓர் ஆள் சுவரோடு சாய்ந்து நிற்கிற மாதிரி நின்றது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமலே நடமாடப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம். விளக்கேற்ற வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு மழை பெய்தது. கிடங்கில் தண்ணீர் ஏறிவிட்டதால் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் அக்காவோடு பைஜாமாக்களுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நின்று, "உபதேசியார் தாவீது வீடு இதானா?" என்று கேட்டான்.

முப்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து வெடித்திருந்தது. உப்பில் நிற்கிறவர்களின் கால். அக்கா உள்ளே வரச் சொல்லித் துண்டு கொடுத்தாள். அவன் சாக்கை வெளியே உதறிப் போட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை நனையாமல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெயர் நம்பிராஜன் என்றான். திட்டில் உப்பு ஏற்றுகிற தோணியில் வேலை. மழைக்கு முன்னால் உப்பை அப்புறப்படுத்த வேண்டும் என்று இருபது நாள் தோணியிலேயே இருந்துவிட்டதாகவும், முந்தாநாள்தான் குடிசைக்கு வந்ததாகவும் சொன்னான். அண்ணன் சுவரோரம் இருந்தார். வந்தவனை அவர் எண்ணவில்லை.

அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான்.

"எங்க வீட்டுக்காரி சொர்ணம் ஒங்க சபையில சேந்துட்டாளாம். வேதம் படிக்க பம்பாயில விட்டுருக்குன்னு ஜெபக் கொட்டகையப் பாத்துக்கிடுத பெரியவர் சொன்னாரு. எனக்கு அதுல ஒண்ணும் கோவம் கெடையாது உபதேசியாரே. அவ சாமிய மாத்திக்கிட்டா மாத்திக்கிடட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம், அவ்வளவுதான். எந்த வீட்டுல இருக்கான்னு சொன்னியன்னா பாத்துட்டுப் போயிருவேன். ஊருக்கு ரயிலு ஏறணும்லா, ரெண்டு பேரும்."

பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினான். "நெத்திலி. இங்க இது மாதிரி கெடைக்காதுல்லா, அதான்."

அக்கா அண்ணனைப் பார்த்தாள். "எந்த வீட்டுல விட்டுருக்கிய? எங்கிட்ட சொல்லவே இல்லியே. மிஷன் ஆஸ்டல்லயா?"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேரு எழுதிருப்பாவள்ளா" என்றான் நம்பிராஜன். "அதுல பாத்தா வெலாசம் இருக்கும்."

அக்கா எழுந்துபோய்ப் பைபிளுக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாசி என்றாள். வாசித்தேன். நானே எழுதிய எழுத்து. ஏழு பேர் என்று வாசித்தேன். ஆறு பெயரையும் வாசித்தேன். ஏழாவது பெயரை வாசித்ததும் நம்பிராஜன் முகம் மலர்ந்து, "ஆங், அதான்" என்றான்.

"விலாசம் இல்ல" என்றேன்.

பிறகு அண்ணன், சுவரைப் பார்த்தபடியே, யாரோ சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதுபோல, ஒரே குரலில் பேசினார்.

"ஆறு பேரும் நல்லபடியா முங்கி எந்திரிச்சாவ. சொர்ணம் கடைசி. தண்ணி வத்துது உபதேசியாரே, இன்னைக்கி இழுப்பு சாஸ்தி, இன்னொரு நாளு வச்சுக்கிடுவோம்னு சொன்னா. விசுவாசம் இருந்தா எறங்கு, இல்லன்னா வீட்டுக்குப் போன்னு சொன்னேன். எறங்கிட்டா."

நம்பிராஜன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கழுத்துக்குப் பொறத்தால ஒரு கையி குடுத்தேன். அவ ரெண்டு கையும் நெஞ்சுமேல கட்டிக்கிட்டா. பிதா குமாரன்னு சொல்லிச் சாய்ச்சேன். சேறு வழுக்கிட்டு. அங்கியத்தான் புடிச்சேன், இறுக்கித்தான் புடிச்சேன். நாடா பிஞ்சி அங்கி எங்கையோட வந்துட்டு. அதுக்குள்ள ஆளு இல்ல."

ஆணியில் மாட்டியிருந்த அதை அக்கா ஒரு தடவை பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அந்த நாடாவுக்கு இரட்டைத் தையல் போடச் சொல்லியிருந்தாள் அக்கா. ஏழாவது அங்கிக்கு வரும்போது கை வலித்தது. ஒற்றைத் தையலோடு முடித்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருட்டும்வரை தேடினார்களாம். மீனவர்களின் படகைக் கூப்பிடக் கொட்டகைப் பெரியவர் விடவில்லையாம். விஷயம் வெளியே தெரிந்தால் அளத்துக் காண்ட்ராக்டர் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிடுவான், இருபது பேர் கணக்கும் போய்விடும் என்று சொல்லி, அவள் பம்பாய் போனதாக இருக்கட்டும் என்று பேசி வைத்தார்களாம். அண்ணன் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

"எந்நேரம்?" என்று கேட்டான் நம்பிராஜன். குரலில் ஒன்றுமே இல்லை.

"மூணு மணி."

"என்னைக்கி?"

"முப்பதாந் தேதி. ஞாயித்துக்கெழம."

அவன் விரல்களை மடக்கிப் பார்த்தான். "அன்னைக்கி அமாவாசைல்லா. கடல் ஏறுத வெள்ளம் பன்னெண்டரைக்கெல்லாம் நெறஞ்சிருக்குமே. மூணு மணிக்குத் தண்ணி கழிய உட்டு ஓடுத நேரம். தோணியவே புடிச்சி நிறுத்த முடியாதே."

"ஈஸ்டர் அன்னைக்கி மூணு மணிக்குத் தண்ணி கெணறு மாதிரி நின்னுது. அதே நேரத்தயே வச்சிட்டேன்."

"ஈஸ்டருக்கும் இதுக்கும் என்னவே சம்பந்தம்? அது பௌர்ணமி கழிஞ்சி மூணாம் நாளுல்லா, அன்னைக்கி வெள்ளம் நெறையதே மூணு மணிக்குத்தான். திதி பாக்காம எவனாவது கழியில எறங்குவானா? திட்டுல சின்னப்புள்ளயக் கேட்டாலும் சொல்லுமே. ஏன் கேக்கல?"

அண்ணன் அப்போதுதான் முகத்தைத் திருப்பினார். பதிமூன்று நாள் தாடி. "திதி, அமாவாச, பஞ்சாங்கம், எதையும் சபையில பேசக்கூடாதுன்னு நான்தான் சட்டம் வச்சிருந்தேன். அவ சொன்னப்பவும் அதான் ஏசினேன். பழைய புத்தி இன்னும் போவலியான்னு."

நம்பிராஜன் அழவில்லை. அண்ணனை அடிப்பான் என்று நான் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவன் பொட்டலத்தைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவனைப்போல வைத்திருந்தான்.

அக்காதான் பேசினாள். அண்ணனிடம் இல்லை, அவனிடம்.

"அண்ணாச்சி, கழியில போனவங்க எந்தக் கரையில ஒதுங்குவாவ?"

அவன் யோசித்துத்தான் சொன்னான். அமாவாசை இழுப்பில் போனால் சிவ்ரி சேற்றுப் பக்கமோ டிராம்பே பக்கமோ ஒதுங்கலாம். போலீஸ் எடுத்திருந்தால், பேர் தெரியாதவள் என்று எழுதி எந்த ஆஸ்பத்திரியிலாவது வைத்திருப்பார்கள். இத்தனை நாளைக்கு வைத்திருப்பார்களோ என்னவோ. புதைத்திருந்தால் இடத்தையாவது காட்டுவார்கள்.

"அப்பம் பேரு தெரிஞ்ச ஆளு போயிச் சொல்லணும்" என்றாள் அக்கா.

டிரங்குப் பெட்டியைத் திறந்து, பண்டிகைக்கு மட்டும் உடுத்துகிற வெள்ளைச் சேலையை எடுத்தாள். கலியாணத்துக்குப் பிறகு அண்ணன் முதல்முதலாக வாங்கிக் கொடுத்தது. அதை ஆள் நீளத்துக்கு மடித்து, மெழுகுத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். என் கையிலிருந்த காகிதத்தையும் வாங்கி அதே பையில் போட்டாள். குடையை எடுத்தாள். நம்பிராஜன் எழுந்துகொண்டான்.

"நானும் வாறேன் ஏஞ்சலு" என்றார் அண்ணன். எழ முயன்று, கால் மரத்துப்போய் மறுபடி உட்கார்ந்தார். "போலீசுல நானே சொல்லுதேன். ஏஞ்சலு. இங்க பாரு."

அக்கா கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குடையை விரித்து நம்பிராஜனுக்குமேல் பிடித்தபடி வாசற்படி இறங்கினாள். சந்தில் தண்ணீர் கணுக்காலுக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. மெஹராஜக்கா தன் வாசலிலிருந்து, எங்க போற இந்த மழையில என்று கேட்டாள். இருவரும் தோல் கிடங்குச் சுவர்வரை ஒன்றாக நடந்தார்கள். பிறகு அந்த முனையில் திரும்பிப் போனார்கள்.